மாசி வீதியில் சரக்கு லாரி: யார் வழிவிடுவது?

காலை பத்தரை மணிக்குக் கீழமாசி வீதியில் நின்று பார்த்தால் மதுரையின் வயிறு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு பக்கம் பருப்பு மூட்டை இறங்குகிறது. இன்னொரு பக்கம் எண்ணெய் டின் ஏறுகிறது. நடுவில் ஒரு குட்டி யானை, அதன் பின்னால் ஒரு ஆட்டோ, ஆட்டோவுக்குப் பின்னால் கோயிலுக்கு வழி தேடும் வெளியூர்க் குடும்பம் ஒன்று. "அண்ணே, வண்டியக் கொஞ்சம் முன்னால எடுங்கண்ணே" என்று ஒரு குரல். "இன்னும் நாலு மூட்டைதாம்ப்பா, பொறு" என்று பதில். நாலு மூட்டை நாற்பது மூட்டை ஆகும். ஹாரன் சத்தம் மட்டும் குறையாது.

இந்தக் காட்சியைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள்: "இந்த லாரிகளை எல்லாம் ஊருக்கு வெளியே துரத்தணும்." சொல்வது சுலபம். ஆனால் அப்படிச் சொன்னவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும் சாம்பாரில் இருக்கும் பருப்பும் இதே தெருவில் இதே மாதிரி ஒரு மூட்டையில் வந்து இறங்கியதுதான்! லாரி வந்தால் தெரு நிற்கிறது. லாரி வராவிட்டால் ஊர் நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சதுரத்துக்குள் சதுரம்

மதுரையின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் இந்தப் பிரச்சினையைப் பேச முடியாது. நடுவில் மீனாட்சி அம்மன் கோயில். கோயிலுக்குள்ளேயே ஆடி வீதிகள். வெளியே வந்தால் சித்திரை வீதிகள், அடுத்து ஆவணி மூல வீதிகள், அதற்கு அடுத்து மாசி வீதிகள். எல்லாம் சதுரத்துக்குள் சதுரம். 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் ஒழுங்கு பெற்றதாகச் சொல்லப்படும் அமைப்பு இது. கடைசியில் கோட்டைச் சுவர் இருந்தது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் அந்தச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். அந்த இடத்தில்தான் வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் வந்தன. அந்தக் கலெக்டரின் நினைவாக வைக்கப்பட்டதுதான் இன்று தீபாவளிக் கூட்டத்துக்குப் பேர்போன விளக்குத்தூண்.

இந்த வீதிகள் தேருக்காக அமைந்தவை. சித்திரைத் திருவிழாத் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. முன்பு மாசியில் நடந்த விழா திருமலை நாயக்கர் காலத்தில் சித்திரைக்கு மாறியது என்றும், வீதியின் பெயர் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது என்றும் சொல்வார்கள். தேர் போவதற்கு அகலம் போதும். ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் ஓடும் தேருக்கும் தினமும் வரும் லாரிக்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா? அதுவும் மாசி வீதியிலிருந்து பிரியும் சந்துகளில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தாலே ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும்.

வியாபாரம் இங்கே புதிதாக வந்து ஒட்டிக்கொண்டதும் இல்லை. மதுரைக்காஞ்சி பகல் சந்தையான நாளங்காடியையும் இரவுச் சந்தையான அல்லங்காடியையும் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் சுற்றிப் பார்க்கும் மதுரையில் தானியக் கடைகளுக்கென்றே ஒரு தெரு இருக்கிறது. இன்றைக்கும் கீழமாசி வீதி என்றால் மளிகை மொத்த வியாபாரம், கீழமாரட் வீதி என்றால் வெங்காயம், தெற்கு ஆவணி மூல வீதி என்றால் நகை, தெற்கு மாசி வீதி, விளக்குத்தூண் பக்கம் என்றால் ஜவுளி. பொருளுக்கு ஒரு தெரு என்ற பழக்கம் போகவில்லை. போனதெல்லாம் மாட்டு வண்டி. வந்ததெல்லாம் டீசல் வண்டி.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குட்ஷெட் தெரு என்று ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் சரக்கு ரயில் பெட்டியிலிருந்து இறங்கிய மூட்டை அங்கிருந்து வண்டி மாட்டில் சில நிமிஷத்தில் கடைக்கு வந்துவிடும். இப்போது சரக்கு ரயில் வேலைகள் கூடல்நகருக்குப் போய்விட்டன. பெயர் மட்டும் தெருவில் இருக்கிறது. சரக்கு பெரும்பாலும் நான்குவழிச் சாலையில் லாரியில் வருகிறது.

யாருக்கு என்ன கஷ்டம்?

முதலில் அங்கேயே குடியிருப்பவர்கள். ஆவணி மூல வீதிக்கும் மாசி வீதிக்கும் இடையிலுள்ள சந்துகளில் இன்னும் நிறையக் குடும்பங்கள் வாழ்கின்றன. கீழே கடை, மேலே வீடு. வாசலில் வண்டி நின்றால் பெரியவர்கள் வெளியே வர முடியாது. புகையும் தூசியும் ஜன்னல் வழியே உள்ளே வரும்.

அடுத்தது நடந்து போகிறவர்கள். ஊரின் நடுப்பகுதிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கடைசியில் கால்நடையாகத்தான் போகிறார்கள். பக்தர், ஜவுளி எடுக்க வந்தவர், நகைக் கடைக்கு வந்தவர், எல்லோரும் நடக்கத்தான் வேண்டும். நடைபாதையில் மூட்டை அடுக்கியிருந்தால் அவர்கள் ரோட்டில் இறங்குவார்கள். ரோட்டில் லாரி நிற்கும். அப்புறம் நடுரோடுதான்.

மூன்றாவது கஷ்டம் உயிர் சம்பந்தப்பட்டது. 2020 நவம்பர் 14, தீபாவளி நாள் அதிகாலை. தெற்கு மாசி வீதியை ஒட்டிய நவபத்கானா தெருவில் பழைய கட்டடம் ஒன்றில் இருந்த ஜவுளிக் கடையில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் மீது கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஊரே புதுத்துணி உடுத்திக்கொண்டிருந்த நேரம். அதற்கு முன்பு, 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு, மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்து, மண்டபத்தின் ஒரு பகுதியே இடிந்துபோனது. அங்கேயும் கடைகள் இருந்தன, சரக்கு இருந்தது. பழைய கட்டடத்தில் அளவுக்கு மேல் சரக்கு, ஒடுங்கிய தெரு, வழியில் வண்டி, இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் தேவையில்லை. சரக்கு வண்டிப் பிரச்சினை என்பது வெறும் டிராபிக் ஜாம் பிரச்சினை அல்ல என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. லாரி டிரைவருக்கு மட்டும் இந்தச் சந்தில் நிற்க ஆசையா? வரும் வழியில் போலீஸ், நின்றால் அபராதம், நகர்ந்தால் கண்ணாடி உடைசல். கடைக்காரருக்குச் சரக்கு நேரத்துக்கு வரவில்லை என்றால் உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்த சில்லறைக் கடைக்காரர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். சுமை தூக்கும் தொழிலாளிக்கு மூட்டைக் கணக்கில் கூலி. வண்டி வராத நாள் அவர் வீட்டில் அடுப்பு எரிவதே சந்தேகம். 50 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு பைக்குகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறவரை விட இந்த நெரிசலால் கஷ்டப்படுகிறவர் வேறு யாரும் இல்லை. ஆனால் நெரிசலைப் பற்றிய கூட்டங்களில் அவரை யாரும் கூப்பிட்டுக் கேட்பதும் இல்லை.

பெரிய லாரியைத் தடுத்தால் போதுமா?

எல்லா ஊர்களிலும் முதலில் எடுக்கப்படும் நடவடிக்கை இதுதான். பகலில் கனரக வாகனங்கள் ஊருக்குள் வரக் கூடாது. நல்ல விதிதான், தேவையும்கூட. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பத்து டன் சரக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டையாக 200 மூட்டை. இதை ஒரே லாரி கொண்டுவந்து ஒரே இடத்தில் நின்று இறக்கிவிடும். லாரியைத் தடுத்துவிட்டால் இந்த 200 மூட்டையும் ஆவியாகிவிடாது. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு தமிழ்நாடு முழுக்கக் குட்டி யானை என்று செல்லப் பெயர் வாங்கிய அந்தச் சின்ன வண்டி சுமார் 750 கிலோ ஏற்றும். அப்படியானால் 14 நடை. பதினாலு தடவை உள்ளே வர வேண்டும், பதினாலு தடவை நிற்க வேண்டும், பதினாலு தடவை திரும்ப வேண்டும். யானையைத் தடுத்துவிட்டு பதினாலு குட்டி யானைகளை உள்ளே விட்டால் தெருவுக்கு என்ன லாபம்?

ஆகவே பெரிய வண்டி கெட்டது, சின்ன வண்டி நல்லது என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஒரே குடோனுக்குப் போகும் முழு லோடு என்றால் ஒரு பெரிய லாரி, தெரு காலியாக இருக்கும் நேரத்தில் வந்து போவது நல்லது. முப்பது கடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் சரக்கு என்றால் சின்ன வண்டிதான் நல்லது. எந்தச் சரக்கு, எத்தனை கடைக்கு, எந்த நேரம் என்று பார்த்துத்தான் விதி போட வேண்டும்.

ராத்திரிக்குத் தள்ளினால்?

மதுரைக்குத் தூங்கா நகரம் என்றே பெயர். அப்புறம் என்ன, ராத்திரியிலேயே இறக்கிவிடலாமே என்று தோன்றும். இது மிகப் பழைய யோசனை. கி.மு. 45-ல் ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம் ஒன்று ரோம் நகருக்குள் பகலில் சரக்கு வண்டிகள் ஓடுவதைத் தடை செய்தது. சூரிய உதயத்திலிருந்து மாலை நெருங்கும் வரை வண்டிச் சக்கரம் உருளக் கூடாது. கோயில் கட்டுமானப் பொருள் மாதிரி சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. விளைவு? பகல் நெரிசல் ராத்திரிச் சத்தமாக மாறியது. நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து ஜுவெனல் என்ற ரோமானியக் கவிஞர், வண்டிச் சத்தத்தில் அந்த ஊரில் தூங்கவே முடியவில்லை என்று புலம்பி எழுதிவைத்திருக்கிறார். இரண்டாயிரம் வருஷமாகியும் பிரச்சினை மாறவில்லை!

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபலும் வணிகப் பகுதியில் 55 டெசிபலும்தான் அனுமதி. குடியிருப்புப் பகுதியில் அந்த நேரத்தில் அவசரம் இல்லாமல் ஹாரன் அடிப்பதற்கும் 2010-ல் தடை வந்தது. கீழே கடையும் மேலே வீடும் இருக்கும் சந்தை எந்தப் பகுதி என்று சொல்வது? லாரியின் பின்கதவைத் தட்டித் திறக்கும் சத்தம் ஒன்றே போதும், தூங்கும் குழந்தை எழுந்துவிடும்.

அதற்காக இரவு இறக்கவே கூடாது என்பதும் இல்லை. நெதர்லாந்தில் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் சத்தத்துக்கென்றே தனி வரம்பு இருக்கிறது. இரவு 11 முதல் காலை 7 வரை 60 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதற்காகவே 'பீக்' என்ற திட்டத்தின் கீழ் சத்தம் போடாத தள்ளுவண்டிச் சக்கரம், ரப்பர் ஒட்டிய லாரித் தளம், சத்தமில்லாத கதவு என்று உருவாக்கினார்கள். மதுரையில் இதையெல்லாம் அப்படியே கொண்டுவர முடியாவிட்டாலும் எளிமையான பாதியை உடனே செய்யலாம். இன்ஜினை அணைத்துவிட்டு இறக்குவது, ஹாரன் அடிக்காமல் இருப்பது, பாட்டுப் பெட்டியை நிறுத்துவது, மூட்டை விழும் இடத்தில் பழைய டயரோ சாக்கோ போடுவது. இதற்குப் பெரிய செலவு இல்லை.

இன்னொரு விஷயம் கூலி. இரவு வேலை என்றால் தொழிலாளி வீடு திரும்பப் பஸ் வேண்டும், கூடுதல் கூலி வேண்டும், தூங்க இடம் வேண்டும். கடையில் சரக்கை வாங்கிவைக்க ஆள் வேண்டும். 2019 முதல் தமிழ்நாட்டில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க அரசு அனுமதி கொடுத்திருக்கிறது. பெரிய கடைகளுக்கு அது சரி. மூன்று பேர் வைத்து நடத்தும் மளிகை மண்டிக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் யார்?

அதனால் நள்ளிரவை விட அதிகாலைதான் பொருத்தம். ஐந்து மணிக்கு மதுரையில் டீக்கடை திறந்திருக்கும், கோயில் மணி அடித்திருக்கும், வாசல் தெளித்திருப்பார்கள். எட்டு மணிக்குள் இறக்கி முடித்தால் தெரு பகலுக்குத் தயார்.

சந்தையையே வெளியே கொண்டுபோனால்?

தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல அனுபவமும் உண்டு, கெட்ட அனுபவமும் உண்டு. சென்னையில் ஜார்ஜ் டவுனில் இருந்த கொத்தவால்சாவடி காய்கறி மார்க்கெட் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. அது நிலைத்தது. ஆனால் திருச்சியில் காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாக மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாயில் கட்டி 2017-ல் திறந்த சந்தைக்கு வியாபாரிகள் போகவே இல்லை. தூரம், பஸ் வசதி, கடையின் அளவு என்று அவர்கள் சொன்ன காரணங்களைக் கட்டுவதற்கு முன்பே கேட்டிருந்தால் அவ்வளவு பணம் முடங்கியிருக்காது.

மதுரையிலேயே வடக்கு ஆவணி மூல வீதிப் பக்கம் இருந்த சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போனது. ஒரு பகுதி வியாபாரிகள் பரவையில் தனியாகச் சந்தை அமைத்துக்கொண்டார்கள். கோயில் பக்கம் காய்கறி லாரிகள் குறைந்தன என்பது உண்மை. மாட்டுத்தாவணியில் நெரிசல் கூடியது என்பதும் உண்மை. பழைய மார்க்கெட் இருந்த இடத்தில் இன்று கார்களும் பைக்குகளும் நிறுத்தும் பல அடுக்குக் கட்டடம் நிற்கிறது. காய்கறி போனது, கார் வந்தது!

காய்கறி அழுகும் பொருள். அதற்குத் தனி இடம், தனி நேரம் வேண்டும். மளிகையும் ஜவுளியும் பாத்திரமும் அப்படி அல்ல. ஒரு சில்லறைக் கடைக்காரர் ஒரே காலையில் பருப்பு ஒரு கடையில், மசாலா ஒரு கடையில், வெங்காயம் அடுத்த தெருவில், வீட்டுக்குத் துணி அதற்கு அடுத்த தெருவில் என்று நடந்தே வாங்கி முடிக்கிறார். விலை கேட்கிறார், பேரம் பேசுகிறார், கடன் சொல்கிறார். இந்த நெருக்கம்தான் மாசி வீதிகளின் பலம். இதை ஊருக்கு வெளியே பத்து கிலோமீட்டரில் ஒரு காம்பவுண்டுக்குள் கொண்டுபோய் வைத்தால் கட்டடம் இருக்கும், சந்தை இருக்காது. ஊரின் நடுவே டூரிஸ்ட் பார்க்க அழகான, மாலையில் ஆளில்லாத தெருக்கள் மிஞ்சும். வாழ்க்கைத் தரம் என்பது அதுவும் அல்ல.

உண்மையான சிக்கல் எது?

கூர்ந்து பார்த்தால் தெருவை அடைப்பது ஓடும் லாரி அல்ல, நிற்கும் லாரி. அது ஏன் நடுரோட்டில் நிற்கிறது? ஓரத்தில் இடம் இல்லை. ஓரத்தில் ஏன் இடம் இல்லை? காலை ஒன்பது மணிக்கு நிறுத்திவிட்டுப் போன பைக்குகள் இரவு ஒன்பது மணி வரை அங்கேயே நிற்கின்றன. அதில் பாதிக்கு மேல் அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர்கள், கடையில் வேலை செய்பவர்களின் வண்டிகளாகத்தான் இருக்கும். அதாவது அரை மணி நேரம் நிற்க வேண்டிய சரக்கு வண்டிக்கு இடமில்லை, பன்னிரண்டு மணி நேரம் சும்மா நிற்கும் வண்டிக்கு இடமிருக்கிறது. எல்லோரும் லாரியைத் திட்டுகிறார்கள்.

2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் மதுரை இடம்பிடித்தது. மாசி வீதிகள் புதுப்பிக்கப்பட்டன. பெரியார் பஸ் நிலையம் இடித்துக் கட்டப்பட்டு 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. சித்திரை வீதிகளில் நிம்மதியாக நடக்க முடிகிறது. இதெல்லாம் நல்ல வேலைகள்தான். கார்களுக்கும் பைக்குகளுக்கும் யோசித்தார்கள், நடப்பவர்களுக்கும் ஓரளவு யோசித்தார்கள். அதே அக்கறையோடு மூட்டைக்கும் ஓர் இடம் யோசித்தால்தான் மற்ற எல்லாமும் வேலை செய்யும். ஏனென்றால் மூட்டைக்கு இடம் ஒதுக்காவிட்டால் அது நடைபாதையைத் தானே எடுத்துக்கொள்ளும்.

என்ன செய்யலாம்?

1. ஏற்றி இறக்க மட்டும் இடம். மாசி, மாரட் வீதிகளில் ஐம்பது, அறுபது கடைக்கு ஓர் இடம் என்று மஞ்சள் கோடு போட்டு ஒதுக்க வேண்டும். காலையில் அங்கே சரக்கு வண்டி மட்டும், அதுவும் அரை மணி நேரம் மட்டும். பகலில் அதே இடம் நடப்பவர்களுக்கு. இரவில் அங்கேயே குடியிருப்பவர்களின் வண்டிக்கு. ஸ்பெயினில் பார்சிலோனா நகரின் சில தெருக்களில் ஒரே பாதை நேரத்துக்கு ஏற்றபடி போக்குவரத்துக்கும் சரக்கு இறக்கவும் வண்டி நிறுத்தவும் மாறி மாறிப் பயன்படுகிறது. இடத்தை அகலப்படுத்த முடியாத ஊரில் நேரத்தைத்தான் பங்கு போட முடியும். இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் வாகனங்களைக் கட்டுப்படுத்த 115-ஆம் பிரிவும் நிறுத்துமிடம் ஒதுக்க 117-ஆம் பிரிவும் ஏற்கெனவே இருக்கின்றன.

2. கடை உள்ளே, குடோன் வெளியே. மண்டியில் வியாபாரம் மாதிரி பார்த்துத்தான் நடக்கிறது. கையில் ஒரு பிடி பருப்பை எடுத்துப் பார்த்து விலை பேசுகிறார்கள். அதற்கு நூறு மூட்டை கடைக்குப் பின்னால் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை போகும் ரிங் ரோட்டை ஒட்டி வியாபாரிகள் சங்கங்களே நடத்தும் பொதுக் குடோன் இருந்தால் பெரிய லாரி அங்கேயே நின்றுவிடும். ஒருவர் பத்துக் கடையில் வாங்கிய சரக்கும் அங்கே ஒன்றாகச் சேர்ந்து அவர் ஊர் வண்டியில் ஏறும். தீப்பிடிக்கும் சரக்கு பழைய கட்டடங்களில் குவிவதும் குறையும்.

3. கடைசிக் கிலோமீட்டருக்குப் பொது வண்டி. ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு வண்டி பாதி லோடோடு வருவதற்குப் பதில், ஒரு தெருவுக்கு ஒரு வண்டி. ஜப்பானில் யோகோஹாமாவின் மோட்டோமாச்சி கடைவீதி வியாபாரிகள் 2004-லிருந்து இப்படித்தான் செய்கிறார்கள். எல்லா நிறுவனங்களின் சரக்கும் அருகில் ஓர் இடத்தில் சேர்ந்து, பொது வண்டியில் கடைகளுக்குப் போகிறது. மதுரையில் இந்த வேலைக்கு பேட்டரி ஆட்டோ போதும். புகை இல்லை, சத்தம் குறைவு, சந்திலும் திரும்பும்.

4. சுமை தூக்குவோர் முதலில். எந்த மாற்றமும் அவர்கள் கூலியில் கை வைக்கக் கூடாது. 1982-லேயே தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்குச் சட்டம் வந்து நலவாரியத்துக்கு வழி பிறந்தது. பொதுக் குடோனிலும் பொது வண்டியிலும் வேலை முதலில் இவர்களுக்கே என்று எழுதி வைக்க வேண்டும். தள்ளுவண்டி, சரிவுப் பலகை மாதிரி சின்ன வசதிகள் வந்தால் நாற்பத்தைந்து வயதில் முதுகெலும்பு தேய்ந்து வீட்டில் உட்காரும் நிலையும் மாறும்.

5. தீயணைப்பு வண்டி வரும் பாதையில் எந்த நேரத்திலும் ஒரு மூட்டையும் ஒரு பைக்கும் நிற்கக் கூடாது. இதில் மட்டும் தீபாவளி, பொங்கல் என்று எந்தச் சலுகையும் வேண்டாம்.

மறுப்பும் பதிலும்

இதைக் கேட்கும் வியாபாரி சும்மா இருக்க மாட்டார். "குடோனில் ஒரு தடவை இறக்கு கூலி, கடைக்கு வர இன்னொரு தடவை ஏற்று கூலி. ரெண்டு கூலியை யார் தருவா?" என்பார். நியாயமான கேள்வி. சொந்தக் குடோனும் சொந்த லாரியும் வைத்திருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளோடும் ஆன்லைன் கம்பெனிகளோடும் போட்டி போடுகிறவர் அவர். மூட்டைக்கு ஐந்து ரூபாய் கூடினாலும் அவருக்கு அடிதான்.

ஆனால் இன்றைக்கும் அவர் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். லாரி காத்திருக்கும் வாடகை, அபராதம், ஊரின் நடுவே குடோனுக்குக் கொடுக்கும் வாடகை, நெரிசலுக்குப் பயந்து வராமல் போன வாடிக்கையாளர், இவை எதுவும் கணக்குப் புத்தகத்தில் 'நெரிசல் செலவு' என்ற பெயரில் வராததால் கண்ணில் படுவதில்லை. மொத்தச் சரக்கும் வெளியே போக வேண்டும் என்பதும் இல்லை. விரைவில் விற்பது கடையில், தேங்கி நிற்பது குடோனில் என்று பிரித்தால் இரட்டைக் கூலி பாதிக்கு மேல் குறையும். தொடக்கத்தில் சில வருஷம் மாநகராட்சி குறைந்த வாடகைக்கு நிலம் கொடுத்தால் மீதிச் சுமையும் தாங்கக்கூடியதுதான். கார் நிறுத்த அடுக்குமாடி கட்டித் தர முடிந்த ஊரில் அரிசி மூட்டை நிறுத்த ஒரு தகரக் கொட்டகை கட்டித் தர முடியாதா?

பைக் வைத்திருப்பவர்களும் முணுமுணுப்பார்கள். பல அடுக்குக் கட்டடத்தில் நிறுத்திவிட்டு இருநூறு மீட்டர் நடப்பது அவ்வளவு கஷ்டமா? தன் முதுகில் 50 கிலோவோடு அதே இருநூறு மீட்டரை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை நடக்கிற ஒருவர் எதிரே வந்துகொண்டிருக்கிறார் என்பதை நினைத்தால் அந்த நடை சுலபமாகிவிடும்.

அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாலு வீதியையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். கீழமாசி வீதியில் ஒரு பகுதியில் மட்டும் மூன்று மாதம் மஞ்சள் கோடு போட்டுப் பார்க்கலாம். சரியாக வந்தால் அடுத்த வீதி, வராவிட்டால் திருத்தம். கள்ளிக்குடி மாதிரி கட்டி முடித்துவிட்டு ஆளைத் தேடுவதை விட, கோடு போட்டுவிட்டு ஆளைக் கேட்பது மிகவும் மலிவு.

முடிவாக

சித்திரை மாதம் தேர் வருகிற நாளில் மாசி வீதிகளில் ஓர் அதிசயம் நடக்கும். ஒரு லாரி இருக்காது, ஒரு பைக் இருக்காது, கடைவாசலில் ஒரு மூட்டை இருக்காது. யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள், சங்கம் வைத்துப் போராட மாட்டார்கள். சரக்கை முன்கூட்டியே வரவழைத்து வைத்துக்கொள்வார்கள், வண்டியை வெளி வீதியில் விட்டுவிட்டு நடந்து வருவார்கள். அதாவது நேரம் பார்த்து நடந்துகொள்ளவும் வழி விடவும் மதுரைக்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை.

அம்மனின் தேருக்கு ஒரு நாள் கொடுக்கும் வழியில் கொஞ்சத்தை, மூட்டை சுமக்கிறவருக்கும் கைக்குழந்தையோடு நடந்து வருகிறவருக்கும் தீயணைப்பு வண்டிக்கும் தினமும் கொடுத்தால் போதும். லாரியும் வரும், பருப்பும் வரும், தெருவும் நகரும்.